அச்சில் இல்லாத தவளை

நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அக்காவுக்குக்கூட நான் குழந்தைப் புத்தகம் சிபாரிசு செய்திருக்கிறேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு பேரன் இருக்கிறான் என்று தெரிந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டேன். தடித்த அட்டையில் போட்ட புத்தகமாக வாங்குங்கள், பிள்ளை கடித்தாலும் கிழியாது, பக்கத்துக்கு ஒரு வரிக்கு மேல் இருக்கக் கூடாது என்றேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "செரி மக்கா, கத்தரிக்கா அரக்கிலோ போடட்டா?" என்றார்.

என் சுபாவம் அப்படி. எங்கே பிள்ளைகளைக் கண்டாலும் வாய் சும்மா இருக்காது. பூதப்பாண்டியில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போனால், தம்பி மனைவி வாசலிலேயே, "வந்தாச்சு மைனி, பையில இன்னைக்கு எத்தன புஸ்தகம்?" என்று கேலி செய்வாள். மகளின் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் சனிக்கிழமை தோறும் நான் ஒரு புத்தகத்தைப் பற்றிக் குரல் பதிவு போடுவேன். எந்த வயசுக்கு, எப்படி வாசித்துக் காட்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது, எல்லாம் சொல்வேன்.

அதில் இரண்டு விஷயங்களில் நான் கறார். ஒன்று, அச்சில் இருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அதே சொல் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் பிள்ளைக்கு மொழி பிடிபடும். இன்னொன்று, எழுத்தே இல்லாமல் படம் மட்டும் போட்டு விற்கிறார்களே, அந்தப் புத்தகங்களை வாங்கவே கூடாது. காசைக் கரியாக்குகிற வேலை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் மஸ்கட்டில் எட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தார். மகள் பிறந்தபோது அங்கேதான் இருந்தார். இடையில் லீவில் வந்து போனதைத் தவிர அவளுக்கு அப்பா என்றால் போன்தான். போன வருஷம் ஆனி மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். இப்போது வடசேரியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போகிறார்.

அவருடைய ஊர் மேற்கே, களியக்காவிளைப் பக்கம். பத்தாவது வரை மலையாளப் பள்ளிக்கூடம். பேசுவது தமிழ்தான், கொஞ்சம் இழுத்துப் பாடுகிற தமிழ். ஆனால் வாசிப்பது என்றால் மலையாளம். தமிழில் பஸ் போர்டு வாசிப்பார், கடைப் பெயர் வாசிப்பார், அதற்கு மேல் எழுத்துக் கூட்ட வேண்டும். பெண் பார்க்க வந்த காலத்தில் என் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பிறகு மறந்துபோனார்கள். நானும் மறந்த மாதிரிதான் இருந்தேன். ராத்திரி ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அவர் தன் மலையாள வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நீ வாசி. உனக்க தொண்டைதான் நல்ல தொண்டை" என்பார். நான் தமிழில் வாசிப்பேன். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாசித்தேன்.

அவர் அதிகம் பேசமாட்டார் என்பதும் என் தீர்மானம். மஸ்கட்டிலிருந்து போன் வந்தால் நாலு வாக்கியம்தான். "சாப்பிட்டியா? பிள்ள உறங்கியாச்சா? பின்ன? செரி அப்பம், வைக்கேன்." மழைக்காலமாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்று சேரும். "அங்க மழ உண்டா? போன சன்னல் பக்கத்துல வச்சிட்டு நீ போயி சோலியப் பாரு." எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். மனைவியிடம் பேச ஒன்றும் இல்லாமல் மழையிடம் பேசுகிற மனுஷன். போனை சன்னலில் டக்கென்று வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் இவருக்கு என்று தம்பி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் துணை என் மகள்தான். அவளுக்கு ஒன்றரை வயசிலிருந்து தினமும் சாயங்காலம் வாசித்துக் காட்டுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பால் குடித்து, கை கால் கழுவி, ஜெபத்துக்கு முன்னால் அரைமணி நேரம். முன்னறையில் சன்னலோரக் கட்டிலில் அவள் என் கையிடுக்கில் நுழைந்துகொள்வாள். அந்த அரைமணி நேரம் என் சொத்து.

அவளுக்கு உயிரான புத்தகம் ஒரு தவளையைப் பற்றியது. மழைக்காலத்தில் தவளை ஒன்று குடை வாங்கச் சந்தைக்குப் போகும். எந்தக் கடையிலும் குடை இருக்காது. கடைசியில் ஒரு சேம்பிலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரும். பன்னிரண்டு பக்கம். எனக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம்.

ஒரு நாள் கடியப்பட்டணத்திலிருந்து வருகிற மீன்கார அக்கா தாமதமாக வந்தார். சாளை, நல்ல பளபளப்பு. வாங்கிவிட்டேன். அதை அப்படியே போட்டுவிட்டு வர முடியாது. "இன்னைக்கு நீங்க வாசிச்சுக் குடுங்க" என்று அடுக்களையிலிருந்து சொன்னேன். "நானா?" என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து, "செரி" என்றார். சத்தியமாக அப்போது எனக்கு அந்த மலையாளப் பள்ளிக்கூடம் ஞாபகத்தில் இல்லை.

செதில் உரசிக்கொண்டிருக்கும்போது மகள் சிரிப்பது கேட்டது. என்னோடு இருக்கும்போதும் அவள் சிரிப்பாள், சிரிக்க வேண்டிய பக்கத்தில். இது அந்தச் சிரிப்பு இல்லை. மூச்சு முட்டி, விக்கல் எடுத்து, "அப்பா நில்லு, நில்லு" என்று கெஞ்சுகிற சிரிப்பு. மீன் கையோடு கதவோரம் வந்து நின்றேன்.

"தவள வடசேரி பஸ் ஸ்டாண்டுல நிக்கு. கண்டக்டர்ட்ட கேக்கு, 'அண்ணாச்சி, இந்த பஸ்ஸு மஸ்கட்டுக்குப் போவுமா?' கண்டக்டர் சொல்லுகாரு, 'இது மார்த்தாண்டம் வரைக்கும்தான் போவும். அதுக்கப்புறம் நீ சாடிச் சாடிப் போயிரு.'"

புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் தவளை ஒரு காய்கறிக் கடை முன்னால் நிற்கிறது. பஸ்ஸும் இல்லை, கண்டக்டரும் இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இவர் வாசிக்கவில்லை, வாசிக்க முடியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். தாள் மட்டும் சரியான நேரத்தில் புரள்கிறது.

மறுநாள் சாயங்காலம் நான் கை துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். மகள் அலமாரியிலிருந்து தவளையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். "அப்பா வாசிக்கட்டு" என்றாள். நான்கரை வருஷம், ஒரு நாள் விடாமல் வாசித்தவளைத் தாண்டி. வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை. எனக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே நிஜமாகவே காந்தியது.

அதற்குப் பிறகு நான் அடுக்களையில் குழாயை மூடிவைத்துவிட்டு ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன். வெட்கம்தான், என்ன செய்ய. தவளை மஸ்கட்டுக்குப் போய்விட்டது. ஒரே அறையில் எட்டுத் தவளைகள், கட்டிலுக்கு மேல் கட்டில். கீழ்க்கட்டில் தவளை குறட்டை விடும். வெள்ளிக்கிழமை எல்லாத் தவளைகளும் சேர்ந்து மீன் கறி வைக்கும், புளி போடுவதில் சண்டை வரும். அந்த ஊரில் மழை இல்லை, அதனால் குடை மலிவு. நம் தவளை நல்லதாகப் பார்த்து ஒரு குடை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டது. என்றைக்காவது வேலை இல்லாத நாளில் அறைக்குள்ளேயே குடையை விரித்து அதன் அடியில் உட்காரும்.

"எதுக்கு?" என்று மகள் கேட்டாள்.

"மழ பெய்யுதுன்னு நெனச்சுக்கிடதுக்கு. பெறவு அது வீட்டுக்குப் போன் போடும். 'அங்க மழ உண்டா? போன கொஞ்சம் சன்னல் பக்கத்துல வையி'ன்னு சொல்லும். மழச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு குடைக்குள்ள அப்பிடியே இருக்கும்."

என் கையில் தேங்காய் துருவி இருந்தது. அப்படியே நின்றேன். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். நல்ல பெண்பிள்ளையாக இருந்தால் வந்திருக்கும். எனக்கு வந்தது பொறாமை. எட்டு வருஷம் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த எட்டுக் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? புளிச் சண்டையைப் பற்றி உண்டா? இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. அது எல்லாம் முன்பல் விழுந்த ஆறு வயசுக்காரிக்கு, தவளையின் பேரில். எனக்கு நாலு வாக்கியம். முதலில் அவர் மேல்தான் பொறாமைப்பட்டேன், மகளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார் என்று. அன்றைக்கு அது திரும்பி மகள் மேல் விழுந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது.

அந்தச் சனிக்கிழமை குரல் பதிவில் காரமாகப் பேசினேன். சில வீடுகளில் அப்பாமார் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குக் கதை விடுகிறார்கள், அது வாசிப்பே அல்ல, பிள்ளையின் படிப்பைக் கெடுப்பது என்று. அவர் பக்கத்தில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுக் கேட்டேன். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து தம்பியும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டு எல்லோரும் முன்னறையில் இருந்தோம். மகள் பெருமையாகத் தவளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்த, எங்க அப்பா வாசிக்கதக் கேளுங்க." தம்பி மனைவி, "மாப்பிள வாசிப்பாவளா? கொள்ளாமே" என்று உட்கார்ந்தாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"நில்லுங்க" என்றேன். "இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு விரல வச்சு வாசிங்க, பாப்போம்."

தெரிந்தேதான் சொன்னேன். இதில் மட்டும் நான் பொய் சொல்லமாட்டேன். தெரியாமல் வாய் தவறி வந்தது என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை.

அவர் விரலை வைத்தார். ஏசி மெஷின்களுக்குள் நுழைந்து நுழைந்து நகம் கறுத்த விரல். "த... வ... ளை" என்றார். அடுத்த சொல்லில் விரல் நின்றது. "ச... சந்..." நெற்றியில் வேர்த்திருந்தது. தம்பி சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தான். தம்பி மனைவி சேலை நுனியைத் திருகினாள். என்னைக் கேலி செய்யாமல் அவள் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

மகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். அவள் பக்கத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா வாசிச்சதுதான் செரி. புஸ்தகத்துலதான் தப்பா போட்டிருக்கு."

அவர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "உனக்க தொண்டைதான் நல்ல தொண்டை. நீயே வாசி" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தினமும் ஜெபத்தில் சொல்கிற அதே வாக்கியம். அதே குரல்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அரைமணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் கடை முடிந்ததும் ஜங்ஷனில் சாயாக் கடையில் உட்கார்ந்துவிட்டு ஜெபத்துக்குத்தான் வருவார். மகள் என் கையிடுக்கில் வந்து உட்கார்ந்தாள், மருந்து குடிக்க உட்காருகிற மாதிரி.

"அம்மா, தவள இப்பம் எங்க இருக்கு?"

"சந்தையில மக்கா. பாரு, 'தவளை சந்தைக்குப் போனது.'"

"இல்ல. மஸ்கட்டுல. இன்னும் வீட்டுக்கு வரல்ல."

வேறு புத்தகம் எடுத்தாலும் காது கொடுக்கமாட்டாள். தவளை வந்த பிறகுதான் மற்றது. அப்பாவிடம் கேட்டாள். "அம்மாட்ட கேளு மக்கா" என்று அவர் நகர்ந்துவிட்டார். சரி, நானே வரவழைக்கிறேன் என்று ஒரு நாள் துணிந்தேன். "தவளை விமானத்தில் ஏறியது. திருவனந்தபுரத்தில் இறங்கியது. வீட்டுக்கு வந்தது. எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்." மகள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவ்ளோதானா?" என்றாள். ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்கிற எனக்கு ஒரு தவளையை வீட்டுக்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

அதைவிட மோசம், எனக்கும் அந்தக் கதையின் மீதி வேண்டியிருந்தது. மகளுக்குத் தவளை திரும்பி வந்தால் போதும். எனக்கு அது போதாது. அது மழைச் சத்தம் கேட்கப் போன் போட்டதே, வீட்டில் போனை எடுத்த தவளை ஒன்று இருந்திருக்கும் அல்லவா? போனை டக்கென்று சன்னலில் வைத்துவிட்டுப் பாத்திரத்தை உருட்டிய தவளை. அதைப் பற்றி மஸ்கட் தவளை என்ன நினைத்தது? அடுக்களையில் நின்று நான் காத்திருந்தது அதற்காகத்தான். அது வருவதற்கு முன்னால் நானே அவர் வாயை அடைத்துவிட்டேன்.

நாகர்கோவிலில் புத்தகக் கண்காட்சி வந்தது. குழந்தைப் புத்தகக் கடையில் போய், "எழுத்து இல்லாத புஸ்தகம் உண்டா?" என்று கேட்டேன். கடைக்காரப் பெண்ணுக்கு என்னைத் தெரியும், பள்ளிக்கூட வாசல் குழுவில் இருப்பவள். "நீங்களா அக்கா கேக்கிய?" என்றாள். பேசாமல் எடு என்றேன். ஒரு பூனை ஆற்றைக் கடக்கிற படங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு எழுத்து கிடையாது.

அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. ஜங்ஷனுக்குப் போக வழியில்லாமல் அவர் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"இதுல எழுத்தே இல்லியே?"

"இல்ல."

"பிள்ளைக்கா?"

"எனக்கு" என்றேன். "வாசிங்க."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அடக்கினால் எனக்கு மூச்சு நின்றுவிடும் போல் இருந்தது. "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. தெரிஞ்சுதான் செஞ்சேன். பொறாம" என்றேன்.

"யாருட்ட?"

"பிள்ளைட்ட."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைட்டயா? கொள்ளாமே ஏட்டி" என்றார். வாய் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்து நின்றது. பிறகு புத்தகத்தை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி விரித்தார். படத்தில் பூனை.

"வீட்டுல ஒரு தவள இருந்துது" என்றார்.

நான் திருத்தவில்லை.

"அதுக்கு நல்ல தொண்ட. மஸ்கட் தவள போன் போட்ட உடனே ஆரம்பிக்கும். கேஸ் தீந்துபோச்சு, பிள்ளைக்கு இருமலு, கிணத்து மோட்டார் ஓடல்ல, தம்பிக்க பொண்டாட்டி இப்பிடிச் சொன்னா, அப்பிடிச் சொன்னா. மஸ்கட் தவளைக்குச் சொல்லதுக்கு நெறய உண்டு. நாள் முழுக்க நெனச்சு வச்சிருக்கும். ஆனா சொல்லாது."

"ஏன்?"

"அது வாயத் திறந்தா இந்தத் தவள பேச்ச நிறுத்திப்போடும் இல்லியா? அங்க போன் கார்டுல கொஞ்சம் நேரம்தான் உண்டு. அதுக்குள்ள இந்தச் சத்தத்த எவ்ளோ கேக்க முடியுமோ அவ்ளோ கேக்கணும்."

அவர் தாளைப் புரட்டினார். நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"அப்பம் மழ?" என்று கேட்டேன். "மழச் சத்தம்?"

"மழ சும்மா ஒரு சாக்கு. போன சன்னல்ல வச்சிட்டு அது அடுக்களைக்குப் போவும். கோவத்துல பாத்திரத்தப் போட்டு உருட்டும். அதுவும் கேக்கும்."

அதற்குள் உள்ளே எப்படித்தான் மூக்கு வேர்த்ததோ, மகள் பென்சிலோடு ஓடி வந்தாள். "அப்பா, தவள வந்தாச்சா?" என்று கத்திக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நுழையப் பார்த்தாள். அவருடைய கை வழக்கம்போல அவளுக்கு இடம் விட்டு உயர்ந்தது.

"ஏட்டி, அந்தப் பக்கம் போயி உக்காரு" என்றேன். "இது எனக்க கத."